விராட்டின் அடுப்பு அணைந்த பிறகு: வாசகர் கேள்விகள்

போன இதழில் ஒரு வாசகர், 'ஐ.என்.எஸ். விராட் கப்பல் இப்போது எங்கே இருக்கிறது?' என்று கேட்டிருந்தார். 'குஜராத்தில் அலங் கடற்கரையில் உடைத்துவிட்டார்கள்' என்று ஒரே வரியில் பதில் எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நான் நினைக்கவில்லை. பாதிப் பேருக்குக் கோபம், பாதிப் பேருக்கு வருத்தம். இந்தப் பகுதியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும், நான் கடற்படையில் ஸ்டோக்கராக, அதாவது கப்பலின் பாய்லர் அடுப்பைப் பார்த்துக்கொள்பவனாக, இருந்தவன். விராட்டின் பாய்லர் அறையில் நான்கு வருடம் வேலை பார்த்திருக்கிறேன். அதனால் இந்த மாதம் மற்ற கேள்விகளை எடுத்து வைத்துவிட்டு, விராட் பற்றிய கடிதங்களுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஒரு விமானம் தாங்கிக் கப்பலை வெறும் 38 கோடி ரூபாய்க்கு விற்றார்களாமே? ஒரு நடிகரின் சம்பளம்கூட அதைவிட அதிகம். நாட்டைக் காத்த கப்பலுக்கு இதுதான் விலையா?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், தூத்துக்குடி)

ஐயா, உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஏலத்தில் போன தொகை 38.54 கோடி. 2020 ஜூலையில் நடந்தது. செய்தியைப் பார்த்தபோது எனக்கும் சோறு இறங்கவில்லை. ஆனால் அந்தப் பணம் எதற்குக் கொடுத்த விலை என்று பார்க்க வேண்டும்.

2016 ஜூலையில் விராட் மும்பையிலிருந்து கொச்சிக்குப் போனது. தன் சொந்த நீராவியில் அது ஓடிய கடைசிப் பயணம் அது. கொச்சியில் உலர்துறையில் (தண்ணீரை வெளியேற்றிவிட்டுக் கப்பலைப் பழுது பார்க்கும் இடம்) ஏற்றி பாய்லர்கள், எஞ்சின்கள், உந்துசக்கரங்கள், பம்புகள் எல்லாவற்றையும் கழற்றி எடுத்துவிட்டார்கள். அக்டோபரில் இழுவைக் கப்பல் கட்டித்தான் மும்பைக்குத் திரும்பக் கொண்டுவந்தார்கள். 2017 மார்ச் 6-ம் தேதி சூரியன் மறையும் நேரத்தில் கொடி இறக்கினார்களே, அப்போதே அது அடுப்பில்லாத வீடு. ஆக 2020-ல் ஏலம் போனது ஒரு வெற்று உடல். பழைய இரும்புக்கு டன்னுக்கு என்ன விலையோ அதிலிருந்து இழுத்துப் போகும் செலவு, காப்பீடு, நச்சுப் பொருள்களை அகற்றும் செலவு, உடைக்கும் கூலி எல்லாவற்றையும் கழித்துவிட்டுத்தான் வாங்குகிறவர் விலை சொல்வார்.

அமெரிக்கா 2021-ல் 'கிட்டி ஹாக்', 'ஜான் எஃப். கென்னடி' என்ற இரண்டு பெரிய விமானம் தாங்கிகளை டெக்ஸாஸில் உள்ள ஓர் உடைப்பு நிறுவனத்துக்குக் கொடுத்தது. கப்பலுக்கு ஒரு சென்ட்தான் விலை. அந்த நாட்டுக்குத் தன் கப்பல் மேல் மதிப்பில்லாமலா? இழுத்துப் போய் உடைக்கும் செலவுக்கும் கிடைக்கும் இரும்புக்கும் சரியாகப் போய்விடுகிறது, அவ்வளவுதான்.

விராட்டின் மதிப்பை எதில் பார்க்கலாம் என்றால், இந்தியக் கொடியின் கீழ் அது ஓடிய 5,88,287 கடல் மைலில் பாருங்கள். பூமியை 27 தடவை சுற்றிய தூரம் அது. சுமார் 2,250 நாள் நடுக்கடலில் இருந்திருக்கிறது. ஏலத் தொகையை வைத்து அதை அளக்காதீர்கள், ஐயா.

கேள்வி: கப்பலில் இருந்த விமானங்கள் என்ன ஆயின?
(பள்ளி மாணவர், காரைக்குடி)

விராட்டில் பறந்தவை சீ ஹாரியர்கள். கப்பலின் முன்னால் 12 டிகிரி சரிவில் மேல்நோக்கி வளைந்த ஒரு மேடை இருந்தது. அதில் ஓடி எகிறிப் பறக்கும். திரும்பி வரும்போது அந்தரத்தில் நின்று அப்படியே நேராக இறங்கும். கப்பலுக்கு முன்பே அவை விடைபெற்றுவிட்டன. 2016 மே மாதம் கோவாவில் அவற்றுக்கு விடை கொடுத்தார்கள். கோவாவில் உள்ள கடற்படை விமான அருங்காட்சியகத்தில் ஒன்றை நிறுத்தியிருக்கிறார்கள். விடுமுறையில் அப்பா அம்மாவோடு போய்ப் பார். கிட்டத்தில் போய் அதன் எஞ்சின் காற்றைப் பீய்ச்சும் வாய்கள் கீழ்நோக்கித் திரும்பும் இடத்தைக் கவனி.

கேள்வி: விக்ராந்தையும் காப்பாற்றவில்லை, விராட்டையும் காப்பாற்றவில்லை. அமெரிக்காவில் இத்தனை விமானம் தாங்கிகள் அருங்காட்சியகமாக நிற்கின்றன. நம்மால் ஏன் முடியவில்லை? யார் மேல் தப்பு?
(பொறியாளர், கோவை. இதே கேள்வியை வேறு வேறு வார்த்தையில் இன்னும் பலர் கேட்டிருக்கிறார்கள்.)

இதற்குக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும். நான் பாய்லர்காரன். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஓடுகிற கப்பலில் இருபத்து நாலு மணி நேரமும் யாராவது ஒருவர் துருவோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பார். சிப்பிங் சுத்தியலால் தட்டித் தட்டிப் பழைய பெயின்டை உதிர்ப்பது, கம்பித் தூரிகையால் தேய்ப்பது, சிவப்பு பிரைமர் அடிப்பது, அதன் மேல் சாம்பல் நிறம் அடிப்பது. முன்னாலிருந்து தொடங்கி வால்பக்கம் போய்ச் சேரும்போது முன்பக்கம் மறுபடி துருப்பிடித்திருக்கும். அடித்தளத்தில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் சேரும். பம்ப் போட்டு வெளியேற்றிக்கொண்டே இருப்போம். சில வருடங்களுக்கு ஒருமுறை உலர்துறையில் ஏற்றி, அடிவயிற்றில் ஒட்டியிருக்கும் சிப்பியைச் சுரண்டி, தேய்ந்த துத்தநாகக் கட்டிகளை மாற்றுவார்கள். அந்தக் கட்டிகள் கப்பலின் இரும்புக்குப் பதிலாகத் தாங்கள் கரைந்து போகும். அதற்காகத்தான் அவற்றைக் கட்டி வைப்பது. பாய்லர் அணைந்து, ஆட்கள் இறங்கிப் போய்விட்டால் இந்த வேலையெல்லாம் நின்றுவிடுகிறது. உப்புத் தண்ணீர் மட்டும் நிற்காமல் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும்.

நம் முதல் விமானம் தாங்கியான பழைய விக்ராந்துக்கு இதுதான் நடந்தது. 1997 ஜனவரி 31-ல் ஓய்வு பெற்றது. 2001-லிருந்து மும்பையில் கடற்படையே அதை ஒரு மிதக்கும் அருங்காட்சியகமாக வைத்திருந்தது. நான் வீட்டு அம்மாவையும் பிள்ளைகளையும் கூட்டிப் போய்க் காட்டியிருக்கிறேன். உள்ளே சில இடங்களில் தரையில் கால் வைக்க எனக்கே பயமாக இருந்தது. தகடு அவ்வளவு மெலிந்திருந்தது. நிரந்தரமாக நிறுத்த ஓர் இடமும், அதற்குப் பணமும், நடத்த ஒரு கூட்டாளியும் கிடைக்கவே இல்லை. 2012-ல் பாதுகாப்பில்லை என்று மக்களை அனுமதிப்பதை நிறுத்தினார்கள். 2014-ல் சுமார் 60 கோடிக்கு விற்றார்கள். பொதுநல வழக்கு போட்டார்கள், உச்ச நீதிமன்றம் வரை போனது, கடைசியில் அனுமதி கிடைத்து அந்த வருடம் நவம்பரில் மும்பை தாருகானாவில் உடைக்கத் தொடங்கினார்கள்.

விராட் விஷயத்தில் யாரும் முயலவில்லை என்று சொல்வது சரியில்லை. ஆந்திர அரசு விசாகப்பட்டினத்துக்குக் கேட்டது. மகாராஷ்டிர அமைச்சரவை 2018 நவம்பரில் சிந்துதுர்க் கடற்கரைப் பக்கம் கொண்டுபோக 852 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. எதுவும் கரை சேரவில்லை. தன் காலில் நிற்கிற மாதிரி ஒரு திட்டமும் வரவில்லை என்று 2019-ல் நாடாளுமன்றத்திலேயே அரசு சொல்லிவிட்டது. ஏலத்துக்கு அப்புறம் ஒரு நிறுவனம் கப்பலை வாங்கி அருங்காட்சியகம் ஆக்குகிறோம் என்று நீதிமன்றம் போனது. 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உடைப்பை நிறுத்தி வைத்தது. ஏப்ரலில் வழக்கு மறுபடி வந்தபோது சுமார் 40 சதவீதம் உடைத்தாகிவிட்டது என்று தெரிந்து, இனிமேல் ஒன்றும் செய்ய முடியாது என்று தள்ளுபடி செய்தார்கள்.

தம்பி, யார் மேல் தப்பு என்று கேட்கிறீர்கள். என் மனதில் உள்ளதைச் சொல்கிறேன். தப்பு காலத்தில் இருக்கிறது. கப்பல் ஓய்வு பெற்ற பிறகு அருங்காட்சியகம் பற்றி யோசிக்கத் தொடங்கினால் ஏற்கெனவே தோற்றாகிவிட்டது. கப்பல் ஓடிக்கொண்டிருக்கும்போதே, எந்தத் துறையில் நிறுத்தப்போகிறோம், அங்கே ஆழம் எவ்வளவு, தூர்வாருவது யார், பத்து வருடம் கழித்து உலர்துறைச் செலவை யார் கொடுப்பார் என்று எழுதி, பணத்தை ஒரு கணக்கில் போட்டு வைத்திருக்க வேண்டும். விராட் ஓய்வு பெறப்போவது பல வருடம் முன்பே எல்லாருக்கும் தெரியும். 1944-ல் கட்டத் தொடங்கிய கப்பல் அது. பிரிட்டன் கடற்படையில் 'ஹெர்மிஸ்' என்ற பெயரில் 1959-லிருந்து ஓடியது. 1982 ஃபாக்லாந்து போரில் அதுதான் தலைமைக் கப்பல். நம்மிடம் வந்தது 1987 மே 12-ல். மூப்பு திடீரென்று வரவில்லை.

அமெரிக்காவிலும் இது சும்மா நடக்கவில்லை. நியூயார்க்கில் 'இன்ட்ரெபிட்' என்ற கப்பலை 1982-லிருந்து அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். 2006 நவம்பரில் பழுது பார்க்க வெளியே இழுக்கப் பார்த்தபோது, இழுவைக் கப்பல்கள் எல்லாம் சேர்ந்து இழுத்தும் சில அடிதான் நகர்ந்தது. 24 வருட வண்டல் அதன் உந்துசக்கரங்களைப் பிடித்துக்கொண்டது. சேற்றைத் தோண்டியெடுத்து ஒரு மாதம் கழித்துத்தான் வெளியே கொண்டுவந்தார்கள். அப்படித் தோண்ட ஆளும் பணமும் அவர்களிடம் தயாராக இருந்தது. சான் டியகோவில் 'மிட்வே' கப்பலைப் பார்க்க வருடத்துக்குப் பத்து லட்சத்துக்கும் மேல் மக்கள் டிக்கெட் வாங்கி வருகிறார்கள். அந்தக் கூட்டத்தின் காசுதான் அந்தக் கப்பலுக்குப் பெயின்ட் அடிக்கிறது.

நம்மால் முடியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். விசாகப்பட்டினம் கடற்கரையில் 'குர்சுரா' நீர்மூழ்கிக் கப்பலைப் பார்த்திருப்பீர்கள். 2002-லிருந்து மக்கள் உள்ளே போய் வருகிறார்கள். அது 91 மீட்டர். தண்ணீரிலிருந்து இழுத்து மணலில் ஏற்றிவிட்டார்கள். விராட் 226 மீட்டர். அதை மணலில் ஏற்றி வைக்க முடியாது. ஆனால் அதன் ஒரு பகுதியை ஏற்றியிருக்கலாம். அந்த வளைந்த பறக்கும் மேடையையோ, கட்டளை மாடத்தையோ மட்டுமாவது வெட்டியெடுத்துக் கரையில் நிறுத்தியிருக்கலாம். முழுக் கப்பல் வேண்டும் முழுக் கப்பல் வேண்டும் என்றே எல்லாரும் பேசிக்கொண்டிருந்ததில் அந்த வாய்ப்பும் போய்விட்டது. எனக்கு அதுதான் ஆறவில்லை.

கேள்வி: 1971-ல் சென்னைத் துறைமுகத்தில் விக்ராந்தைப் பார்த்ததாக என் தாத்தா சொல்லிக்கொண்டே இருப்பார். உண்மையா? அது பம்பாய்க் கப்பல் அல்லவா?
(கல்லூரி மாணவி, சென்னை)

தாத்தா சொல்வது சரி, அம்மா. போருக்கு முன்பு விக்ராந்த் கிழக்குக் கடலுக்கு வந்தபோது சென்னையிலும் நின்றது. பிறகு சத்தமில்லாமல் அந்தமானுக்குப் போய்விட்டது. அதைத் தேடித்தான் பாகிஸ்தானின் 'காஸி' நீர்மூழ்கி வங்கக் கடலுக்குள் வந்தது. டிசம்பர் 3-ம் தேதி நள்ளிரவு விசாகப்பட்டினத்துக்கு வெளியே அது மூழ்கியது.

தாத்தாவுக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். அப்போது விக்ராந்தின் பாய்லர் டிரம்மில், அதாவது பாய்லரின் தண்ணீர்த் தொட்டியில், விரிசல் இருந்தது. வெல்டிங் வைத்துச் சரி செய்ய முடியாத விரிசல். புதிய டிரம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். போரோ வாசலில் நிற்கிறது. அழுத்தத்தைக் குறைத்து, வேகத்தைக் குறைத்து ஓட்டலாம் என்று முடிவெடுத்தார்கள். விரிசல் விட்ட பாய்லர் பக்கத்தில் நிற்பது என்றால் என்ன என்று என் தொழில்காரர்களுக்குத்தான் தெரியும். நீராவி வெடித்தால் ஓட நேரம் இருக்காது. அந்த மனிதர்கள் நாள் முழுக்க அங்கே நின்றார்கள். அவர்கள் கொடுத்த நீராவியில்தான் டிசம்பர் 4-ம் தேதி சீ ஹாக் விமானங்கள் கிளம்பிப் போய் அப்போதைய கிழக்குப் பாகிஸ்தானில் இருந்த காக்ஸ் பஜாரையும் சட்டோகிராமையும் (சிட்டகாங்) தாக்கின. விக்ராந்தின் வீரம் என்று எழுதுகிற எல்லாரும் மேல்தளத்தோடு நின்றுவிடுகிறார்கள். தாத்தாவிடம் கீழே இருந்தவர்களைப் பற்றியும் சொல்லுங்கள்.

கேள்வி: விக்ராந்த் இரும்பில் பைக் செய்தது உண்மையா?
(வாசகர், சேலம்)

உண்மை. பஜாஜ் நிறுவனம் 2016-ல் கொண்டுவந்த 'வி' வண்டியில் விக்ராந்தின் உலோகத்தை உருக்கிச் சேர்த்தார்கள். மும்பை கடற்படைத் தளத்துக்கு அருகே அதே கப்பலின் இரும்பில் ஒரு நினைவுச் சின்னமும் இருக்கிறது.

கேள்வி: கூறு போட்டு விற்பதைவிட, நடுக்கடலில் மரியாதையோடு மூழ்கடித்திருக்கலாமே? ஒரு போர்வீரனுக்கு அதுதானே தகுந்த முடிவு?
(வாசகர், தஞ்சாவூர்)

உணர்ச்சியோடு பார்த்தால் எனக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் செய்து பார்த்தவர்களின் கதையையும் கேளுங்கள்.

அமெரிக்கா 'ஒரிஸ்கனி' என்ற கப்பலை 2006 மே மாதம் ஃப்ளோரிடாவில் பென்சகோலா கடலில் செயற்கைப் பவளத்திட்டாக மூழ்கடித்தது. வெடி வைத்ததும் 37 நிமிடத்தில் போய்விட்டது. இன்று அதைச் சுற்றி மீன் கூட்டம், அதைப் பார்க்க முத்துக் குளிப்பவர்கள் மாதிரி மூழ்கிப் போகிறவர்கள் கூட்டம். ஆனால் அந்த 37 நிமிடத்துக்கு முன்னால் எண்ணெய், நச்சு என்று கப்பலை வருடக் கணக்கில் சுத்தம் செய்தார்கள். அந்தச் செலவைக் கேட்டால் தலை சுற்றும்.

சுத்தம் செய்யாமல் மூழ்கடித்த கதையும் உண்டு. பிரான்ஸ் கட்டிய 'ஃபோஷ்' கப்பலை 2000-ல் பிரேசில் வாங்கி 'சாவோ பாவ்லோ' என்று பெயர் வைத்தது. ஓய்வுக்குப் பிறகு உடைக்க துருக்கிக்கு இழுத்துப் போனார்கள். உள்ளே நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறது என்று துருக்கி பாதி வழியில் அனுமதியை ரத்து செய்தது. திரும்பி வந்தால் சொந்த நாட்டிலும் எந்தத் துறைமுகமும் சேர்க்கவில்லை. மாதக் கணக்கில் இழுவைக் கயிற்றில் அலைந்தது. 2023 பிப்ரவரி 3-ல் கரையிலிருந்து 350 கிலோமீட்டருக்கு அப்பால், சுமார் 5,000 மீட்டர் ஆழத்தில் பிரேசில் கடற்படையே அதை மூழ்கடித்தது. நச்சோடு சேர்த்துத்தான். அதை நான் மரியாதை என்று சொல்ல மாட்டேன். நமக்குச் சோறு போட்ட கடலில் குப்பை கொட்டுவது அது. விராட்டுக்கு அது நடக்காமல் போனதில் எனக்கு நிம்மதிதான்.

கேள்வி: அலங்கில் கப்பல் உடைப்பதே பாவம் என்று படித்தேன். அங்கே அனுப்பியது சரியா?
(செவிலியர், வேலூர்)

அலங் ஏன் அலங் ஆனது என்றால் அதன் கடலால். காம்பே வளைகுடாவில் கடல் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடையே பத்து மீட்டர் அளவுக்கு வித்தியாசம் வரும். பௌர்ணமி, அமாவாசைப் பக்கம் கடல் ஏறும்போது கப்பலைக் கரையில் ஏற்றிவிட்டால், கடல் இறங்கியதும் அது சேற்றில் உட்கார்ந்துவிடும். 1983-லிருந்து அங்கே உடைக்கிறார்கள். கடல் சும்மா கொடுத்த வசதி. ஆனால் கப்பல் உட்கார்ந்திருப்பது சேற்றில். வழிகிற எண்ணெயும் உதிர்கிற தூசியும் அடுத்த அலையில் போய்விடும். மேலேயிருந்து விழும் தகடுக்குக் கீழே நிற்பவர்கள் ஒடிசாவிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் பிகாரிலிருந்தும் வந்த பிள்ளைகள்.

அம்மா, நீங்கள் செவிலியர் என்பதால் சொல்கிறேன். நான் முதலில் வேலை பார்த்தது வேறொரு பழைய நீராவிக் கப்பல். நீராவிக் குழாய்களுக்கு மேல் வெள்ளையாகப் பஞ்சு மாதிரி சுற்றியிருக்கும். லேகிங் என்போம். அது கிழிந்தால் வெறுங்கையால் பிய்த்துப் புதிதாகச் சுற்றுவோம். தூசி மூக்கில் ஏறும். வாயில் ஒரு கைக்குட்டை கட்டினாலே பெரிய பாதுகாப்பு. அது ஆஸ்பெஸ்டாஸ் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. என்னோடு அந்தக் குழாய்களைச் சுற்றிய ஒருவர் கடைசி இரண்டு வருடம் மூச்சுக்குத் திணறியே போனார். அதனால்தான் 'விராட்டை உடைத்துவிட்டார்களே' என்று வருந்தும் ஒவ்வொரு கடிதத்தைப் படிக்கும்போதும், உடைத்த பையன்களைப் பற்றி யாராவது ஒரு வரி எழுதியிருக்கிறார்களா என்று தேடினேன். உங்கள் கடிதம் ஒன்றுதான்.

பிரான்ஸின் 'கிளெமான்சோ' கப்பல் 2005 கடைசி நாளில் துலோனிலிருந்து அலங்குக்குக் கிளம்பியது. ஆஸ்பெஸ்டாஸ் பிரச்சினை நம் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது, உள்ளே வர அனுமதிக்கவில்லை. 2006 பிப்ரவரியில் அதிபர் சிராக் கப்பலைத் திரும்ப அழைத்துக்கொண்டார். கடைசியில் இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூலில் உடைத்தார்கள். அந்த வழக்குக்குப் பிறகு அலங்கில் பல மாற்றம் வந்தது. கப்பல் மறுசுழற்சிச் சட்டம் 2019-ல் வந்தது. கப்பல்களைப் பாதுகாப்பாக உடைப்பதற்கான ஹாங்காங் உடன்படிக்கையில் இந்தியா அதே வருடம் சேர்ந்தது. அது 2025 ஜூன் 26-லிருந்து உலகம் முழுக்க நடைமுறைக்கு வந்திருக்கிறது. இனி ஒவ்வொரு கப்பலுக்கும் உள்ளே என்னென்ன நச்சுப் பொருள் எங்கே இருக்கிறது என்று பட்டியல் வைத்திருக்க வேண்டும்.

ஆனால் போர்க்கப்பல்களுக்கு அந்த உடன்படிக்கை பொருந்தாது. அரசுகள் தங்களுக்கு விலக்கு வைத்துக்கொண்டுவிட்டன. இதை நான் ஏற்கவில்லை. பழைய குழாய் சுற்றிய பஞ்சு, சரக்குக் கப்பல் எது போர்க்கப்பல் எது என்று பார்த்தா நுரையீரலுக்குள் போகிறது? அலங்குக்கு அனுப்பியது தவறென்று சொல்ல மாட்டேன். நம் கப்பலை நம் நாட்டிலேயே உடைத்ததுதான் முறை. கையில் இரும்பை வெட்டும் கேஸ் டார்ச் பிடிக்கிறவனுக்கு முகக்கவசம் தரமானதாக இருந்ததா, பட்டியல் அவன் படிக்கிற மொழியில் இருந்ததா என்பதை மட்டும் விடாமல் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

கேள்வி: தாத்தா, கப்பலை உடைக்கும்போது நீங்கள் அழுதீர்களா?
(ஏழாம் வகுப்பு மாணவி, மதுரை)

அழுதேன் கண்ணு.

2020 செப்டம்பர் 28. கொரோனா காலம். யாரும் எங்கேயும் போக முடியாத நேரம். செப்டம்பர் 19-ம் தேதி மும்பையிலிருந்து இழுவைக் கப்பல் கட்டி விராட்டைக் கூட்டிப் போயிருந்தார்கள். அன்றைக்குத் தண்ணீர் ஏறியதும் அலங் கரையில் ஏற்றினார்கள். என் பழைய கூட்டாளி ஒருவர் போனில் வீடியோ அனுப்பினார். உனக்கு ஒன்று தெரியுமா, கப்பல் கரையில் மோதும்போது பெரிய சத்தமெல்லாம் வரவில்லை. மெதுவாக வந்தது, நின்றது. மூக்கு கொஞ்சம் மேலே தூக்கிக்கொண்டது. நான் பார்த்துக்கொண்டிருந்தது புகைபோக்கியை.

ஏனென்றால் அந்தப் புகைபோக்கிக்குக் கீழேதான் என் இடம். நான்கு பாய்லர். உள்ளே அனல் அடிக்கும், காற்று ஊதும் ப்ளோயர் சத்தத்தில் காது அடைக்கும், பக்கத்தில் நிற்பவரிடம் கையை ஆட்டித்தான் பேச வேண்டும். ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் பாய்லருக்குள் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று தெரியும். அதிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. தண்ணீர் இறங்கினால் ஆபத்து, ஏறினாலும் ஆபத்து. இன்னொருவர் புகையைப் பார்ப்பார். கறுப்பாக வந்தால் காற்று போதவில்லை. வெள்ளையாக வந்தால் காற்று அதிகம். நிறமே தெரியாமல் வந்தால்தான் நாங்கள் நல்ல ஸ்டோக்கர். மேலே விமானம் பறக்கப்போகிறது என்றால் வேகம் கூட்டச் சொல்லி மணி அடிக்கும். ஓடிப்போய் அடுப்புக்குள் எண்ணெய் பீய்ச்சும் ஸ்ப்ரேயர் இன்னும் இரண்டைத் திறப்போம். விமானம் கிளம்பியதை நாங்கள் பார்த்ததே இல்லை. வேகத்தைக் குறைக்கச் சொல்லி மறுபடி மணி அடித்தால், ஆமாம், எல்லாம் பத்திரமாக இறங்கிவிட்டன என்று தெரிந்துகொள்வோம்.

கடலில் நல்ல தண்ணீர் குறைந்தால் பாய்லருக்குத்தான் முதலில். எங்களுக்குக் குளிக்க மிச்சம் இருந்தால் உண்டு. அப்படிப் பார்த்துக்கொண்ட பாய்லர். என் இடது கையில் முழங்கைக்குக் கீழே ஒரு தழும்பு இருக்கிறது, நீளமாக, உன் சுண்டுவிரல் அளவு. ஒரு வால்வைத் திருப்பும்போது சுட்டது. வீடியோ பார்த்த அன்றைக்கு அதைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். என் பேத்தியும் உன் வயதுதான், அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்து போனை வாங்கி வைத்துவிட்டாள்.

கேள்வி: என் அப்பா 1992 முதல் 1996 வரை விராட்டில் சமையல்காரராக இருந்தார். அவருக்கு இப்போது ஞாபகம் குறைந்து வருகிறது. டிரங்குப் பெட்டியில் நிறைய போட்டோவும் தொப்பியின் பெயர்ப் பட்டியும் இருக்கின்றன. இவற்றை எங்கே கொடுக்கலாம்?
(இல்லத்தரசி, நாகர்கோவில்)

அம்மா, இப்போது எங்கேயும் கொடுக்காதீர்கள். முதலில் அப்பாவோடு உட்காருங்கள். காலையில், அவர் தெளிவாக இருக்கும் நேரத்தில். ஒவ்வொரு போட்டோவாகக் கையில் கொடுத்து, படத்தில் இருப்பவர்கள் யார், எந்த ஊர், எந்தத் துறைமுகம் என்று கேளுங்கள். சொல்வதைப் பென்சிலால் பின்னால் எழுதுங்கள். பேனா மை படத்துக்கு ஊறிவிடும். பெயர் வரவில்லை என்றால் வற்புறுத்தாதீர்கள், அடுத்த படத்துக்குப் போங்கள். போனில் குரலைப் பதிவு செய்துகொண்டே இருங்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு எத்தனை மணிக்கு அடுப்பு மூட்டினார், கடல் கொந்தளிக்கும்போது சாம்பார் அண்டாவை எதனால் கட்டினார், இதெல்லாம் எந்த ஆவணத்திலும் இல்லை. கப்பல் இரும்பாகப் போய்விட்டது. இது உங்கள் வீட்டில் இன்னும் இருக்கிறது. படங்களை ஸ்கேன் செய்து ஒரு பிரதி வைத்துக்கொண்ட பிறகு, கடற்படையின் வரலாற்றுப் பிரிவுக்கோ அருங்காட்சியகத்துக்கோ கடிதம் எழுதலாம். பெயர்ப் பட்டியை மட்டும் கொடுக்காதீர்கள், பேரப்பிள்ளைகளுக்கு வையுங்கள். என்னுடையதும் பூஜை அறையில்தான் இருக்கிறது.

நான் விராட்டில் இருந்ததும் கிட்டத்தட்ட அதே வருடங்கள்தான். அப்பா சமைத்ததை நான் சாப்பிட்டிருப்பேன். அவரிடம் எனக்காக ஒன்று கேட்டுச் சொல்வீர்களா? நள்ளிரவு வாட்ச் (வேலை முறை) முடிந்து பாய்லர் அறையிலிருந்து மேலே வருகிறவர்களுக்கு, கேட்காமலேயே இஞ்சி தட்டிப் போட்டு டீ வைத்திருப்பார் ஒரு நாகர்கோவில்காரர். பெயர் தெரியாது, எல்லாரும் 'அண்ணாச்சி' என்றுதான் கூப்பிடுவோம். அது அவர்தானா?